தூண்டில் கோல் வளைய அமைப்பு

தூண்டில் கோல் வளைய அமைப்பு என்பது ரீலிலிருந்து புறப்படும் நரம்பைக் கோலின் நுனிவரை கொண்டு செல்லும் வளையங்களின் எண்ணிக்கை, அளவு, இடைவெளி ஆகியவற்றைக் குறிக்கும். ரீல் இல்லாத மூங்கில் தூண்டிலில் நரம்பு நுனியிலேயே கட்டப்படுவதால் இச்சிக்கல் எழுவதில்லை.

உருளை சுழலாத ரீலில், வீசும்போது நரம்பு அகன்ற சுருள்களாகக் கழன்று பறக்கின்றது. எனவே முதல் வளையம் பெரியதாகவும் உயர்ந்த கால்களுடனும் ரீலிலிருந்து தள்ளி அமைதல் வேண்டும். அடுத்து வரும் வளையங்கள் படிப்படியாகச் சிறுத்துச் சுருளை ஒடுக்குகின்றன. நுனியருகே எடை கூடினால் கோல் நிமிரும் வேகம் தணிந்து வீச்சுத் தொலைவு குறையும். அலைகளைத் தாண்டி வீசும் கடற்கரைக் கோல்களில் வளையங்களைக் குறைக்க முயல்வது இதனாலேயே.

ஆற்றில் நிலைமை வேறு. தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லில் காவிரி பாறை இடுக்குகளினூடே ஓடுகின்றது. இத்தகைய இடத்தில் பரிசலிலிருந்து தூண்டில் இடுபவருக்கு நெடுந்தொலைவு வீச்சு தேவையில்லை. மீனின் இழுவையைக் கோல் தாங்குவதே முதன்மையானது. காவிரியின் துணையாறான கபினியில் 1946 இல் 120 பவுண்டு (ஏறத்தாழ 54 கிலோ) எடையுள்ள திமில் மகசீர் தூண்டிலில் பிடிபட்டது. இம்மீன் 2018 முதல் மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

பெருஞ்சுமையில் வளையங்கள் போதாவிடின், நரம்பு கோலின் வளைவைத் தொடராது வளையத்தருகே கூர்மையாக மடங்கும். சுமை ஓரிடத்தில் குவிந்து கோல் முறியவும் கூடும். உருளை சுழலும் ரீலுக்கு வளையங்கள் மேற்புறம் அமைவதால் நரம்பு கோலையே உரசும்.

இடைவெளி அட்டவணைகள் தொடக்கத்திற்கு மட்டுமே உதவும். வளையங்களை ஒட்டுநாடாவால் தற்காலிகமாகப் பொருத்தி, நுனியில் எடை கட்டி வளைத்துப் பார்த்து, மடங்கும் இடங்களில் நகர்த்திச் சரிசெய்த பின்னரே நூல் சுற்றி எப்பாக்சி பூசப்படுகின்றது.