பாசறையில் அடுப்பு மூட்டுமுன்

பெங்களூர் நகர ரயில் நிலையத்தை அடுத்த ஒக்கலிபுரத்திலிருந்து, நம் தமிழ்ப் பிள்ளைகள் 24 பேர் இரண்டு நாட் பாசறைக்குப் புறப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கூடாரமும் கயிறும் ஆயத்தம். சாப்பாட்டை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். தவறு இங்கேதான் தொடங்குகிறது. மழையில் நனைந்த பிள்ளை மறுநாள் உலர்ந்துவிடுவான். கெட்ட சோற்றை உண்டவனோ, ஊர் திரும்பியும் படுக்கையில் கிடப்பான்.

முதலில் ஆட்கணக்கு. 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரௌன்ஸீ தீவில் பேடன் பவல் நடத்திய பாசறையில், சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்தார். நாமும் எட்டெட்டுப் பேராக மூன்று அணி வகுப்போம். ஓரணி சமைக்கட்டும், ஓரணி நீரும் எரிபொருளும் கவனிக்கட்டும், ஓரணி பாத்திரம் துலக்கட்டும். வேளைதோறும் முறை மாறவேண்டும். வீட்டில் இலைமுன் அமர்ந்து காத்திருக்கும் பிள்ளை, தாயின் உழைப்பை உணர்வது இங்கேதான்.

அடுத்தது பொருட்கணக்கு. வளரும் பிள்ளைக்கு ஒருவேளைக்கு 150 கிராம் அரிசியும் 40 கிராம் பருப்பும் வேண்டும். ஆகவே 24 பேருக்கு 3,600 கிராம் அரிசி, ஏறத்தாழ ஒரு கிலோ பருப்பு. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளொன்றுக்குத் தலைக்கு 5 லிட்டர் வீதம் 120 லிட்டர் நீர் தேவை. ஐயமுள்ள நீரை ஒரு நிமிடமேனும் தளதளவெனக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். காலைக்குக் கேழ்வரகுக் கஞ்சி சிறந்தது. கன்னட நாட்டார் 'முத்தே' என்று உருட்டி உண்ணும் அத்தானியத்தின் 100 கிராமில், 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

சென்னையில் வெந்தது போல் இங்கே பருப்பு வேகவில்லையே என்று புதிதாய்க் குடியேறிய இல்லத்தரசியர் வியப்பதுண்டு. காரணம் உயரம். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில், நீர் 97 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. 1,478 மீட்டர் உயரமுள்ள நந்திமலை உச்சியில் 95 பாகையே போதும். கொதிநீரின் சூடு குறைவதால் வேகும் நேரம் நீள்கிறது. துவரம்பருப்பை முன்னதாக ஊறவைக்கலாம். அல்லது விரைவில் வேகும் பாசிப்பருப்பை எடுத்துச் செல்லலாம்.

முதல்நாள் பகலுக்கு நம் முன்னோர் வழியில் புளிச்சோறு கட்டிச் செல்வோம். புளியும் எண்ணெயும் அதனைக் காக்கும். தேங்காய்ச்சோறு அத்தனை தாங்காது. கட்டுச்சோறானாலும் அன்று பகலுக்குள் உண்டு முடிக்கவேண்டும்.

இரவில் மிஞ்சிய சோற்றைக் காலையில் தாளித்துக் கொடுக்கும் சிக்கனம் மட்டும் பாசறையில் வேண்டா. அரிசியிலுள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் கொதியிலும் மடிவதில்லை. சோறு இளஞ்சூட்டில் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். மீண்டும் சூடாக்கினும் அந்நஞ்சு அழியாது. எனவே வேளைக்கு வேண்டியதை மட்டும் அளந்து சமைப்போம், ஆறுமுன் பரிமாறுவோம்.

அளந்து வடித்த சோறு மிஞ்சாது. பிள்ளைகளும் நலமாய் வீடு திரும்புவர்.