உஷார்! உங்கள் கவுன்சலருக்கு மேலே யார்?

ஃபீஸ் எவ்வளவு, ஆன்லைனில் பேசுவாரா, ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாரா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கவுன்சலரிடம் போகிறோம். ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை: “உங்க கேஸ்களை நீங்க யார்கிட்ட கொண்டுபோய்ப் பேசுறீங்க?” கேட்டுவிடுங்கள். “இத்தனை வருஷ அனுபவம் இருக்கு, எனக்கு எதுக்கு இன்னொருத்தர்?” என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டுவதற்கோ, நடைமுறையில் ஆணியும் சுத்தியலும் போதும். பிரிட்டனிலும் அந்தப் பெயருக்குச் சட்டக் காவல் கிடையாது. ஆனால், அங்குள்ள பெரிய தொழில் சங்கமான பிஏசிபி, தொழில் செய்யும் உறுப்பினர்கள் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் சூப்பர்விஷன் எடுத்தாக வேண்டும் என்கிறது. தலை நரைத்தவருக்கும் விலக்கு இல்லை.

சூப்பர்விஷன் என்றால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது அல்ல; தன் கேஸ்களை அனுபவசாலி ஒருவரிடம் கொண்டுபோய்ப் பேசுவது. பிரிஜிட் பிராக்டர் என்ற பிரிட்டிஷ் நிபுணர் அதற்கு மூன்று வேலைகளைச் சொன்னார்: தொழிலைக் கற்றுத்தருவது, வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்வது, பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த மனதைத் தேற்றுவது. மூன்றாவது வேலையை நம் ஊரில் அநேகமாக யாரும் செய்வதில்லை.

சூப்பர்விஷன் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஹெரால்ட் சேர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955இலேயே ஒரு விசித்திரத்தைக் கவனித்து எழுதினார். ஆலோசனைக்கு வந்தவரின் மனநிலை கவுன்சலர்மீது தொற்றி, அவர் வழியாக சூப்பர்வைசரின் அறைக்கும் வந்துவிடுகிறது. ‘இனி எதுவும் சரியாகாது’ என்று அழுபவரிடம் வாரக்கணக்கில் பேசிய கவுன்சலர், ‘இந்த கேஸ் தேறாது’ என்று அதே குரலில் சொல்லத் தொடங்குவார். எதிரே பழுத்த காது ஒன்று இருந்தால் பிடித்து நிறுத்தும். தனியாக இருப்பவர் அதைத் தன் சொந்தக் கணிப்பு என்றே நம்புவார். ஆலோசனை கேட்பவர் தற்கொலை எண்ணத்தோடு வந்தவராக இருந்தால்? நினைக்கவே பதறுகிறது.

போலி சூப்பர்விஷனும் உண்டு. செஷன் பக்கமே எட்டிப் பார்க்காமல் பயிற்சி நேரத்துக்குக் கையெழுத்து மட்டும் போடுவது ஒரு வகை. ‘34 வயசு, தி.நகர், கணவர் பேங்க்ல, என்ன பண்ணலாம்?’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பது இன்னொரு வகை. அந்தத் தெருக்காரர் ஒருவர் குரூப்பில் இருந்தால் போதும், மானம் போய்விடும். ஒழுங்காக நடக்கும் இடத்திலும் ஒரு பொத்தல் இருக்கிறது. பயிற்சி கவுன்சலர்களில் ஏறத்தாழ எல்லோருமே சூப்பர்வைசரிடம் எதையாவது மறைக்கிறார்கள் என்று 1996இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால்தான் நல்ல சூப்பர்வைசர்கள் வாய்மொழிக் கதையோடு நிற்காமல், வந்தவரின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு செஷன் பதிவையும் கேட்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, முதலாளியே சூப்பர்வைசராக இருப்பது.

1969இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிகிச்சைக்கு வந்த மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் பதறிப்போய் வளாகக் காவல் துறைக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் மாணவரைப் பிடித்து விசாரித்து, தெளிவாகத்தான் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். அதன்பின் உளவியலாளரின் மேலதிகாரியான மனநலத் துறைத் தலைவர் செய்ததுதான் கொடுமை. கடிதத்தைத் திரும்பக் கேட்டார். பிரதிகளையும் சிகிச்சைக் குறிப்புகளையும் அழிக்கச் சொன்னார். மாணவரை மருத்துவக் காவலில் வைக்க வேண்டாம் என்றார். அக்டோபரில் தாத்தியானா தாராசாஃப் என்ற அந்தப் பெண் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று 1976இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடப்புத்தகங்கள் அந்தக் கடமையைப் பற்றியே பேசுகின்றன. எனக்கு மேலிருந்து வந்த அந்த உத்தரவுதான் உறுத்துகிறது.

இப்போது உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு வாருங்கள். ஒரு குழந்தை கவுன்சலர் மேடத்திடம், பள்ளி ஊழியர் ஒருவர் தப்பாகத் தொட்டதாகச் சொல்கிறது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, இப்படித் தெரியவந்த எவரும் காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை; தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. ஆனால் மேடத்துக்குச் சம்பளமும் லீவும் கொடுப்பவர் கரஸ்பாண்டென்ட். கேஸ் ஃபைலும் அவர் மேஜையில்தான். “ஸ்கூல் பேரு கெட்டுடும் மேடம், நாம உள்ளேயே விசாரிச்சுக்கலாம்” என்று அவர் சொன்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணால் எப்படி எதிர்த்து நிற்க முடியும்? அன்று ராத்திரியே போன் போட்டுப் பேச, அந்தப் பள்ளியிடம் ஒரு ரூபாய்கூட வாங்காத சூப்பர்வைசர் ஒருவர் வெளியே இருக்க வேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் பற்றிக் கேட்டு முடித்ததும், கவுன்சலருக்கு வெளியே சூப்பர்வைசர் உண்டா, அவருக்கான செலவைப் பள்ளி தருகிறதா, கேஸ் குறிப்புகள் யார் பூட்டில் இருக்கின்றன என்று கேளுங்கள். பிள்ளை ஏற்கெனவே ஏதாவது சொல்லியிருந்தால் கூட்டம் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். காவல் நிலையத்துக்குப் போங்கள், அல்லது 1098ஐ அழையுங்கள்.