ஒரே எண்... 10 லட்சம் மடங்கு வித்தியாசம்! சிப்பில் கலக்கும் ‘மாசு’ எப்படி அளக்கப்படுகிறது?

கோட்டைப்பட்டினத்தில் இருந்து பாக் நீரிணைக்குள் போகும் விசைப்படகுகளுக்கு, கடல் எல்லை எங்கே என்று காட்டுவது ஜிபிஎஸ் கருவிதான். அதற்குள் இருக்கும் சிப், கையில் இருக்கும் செல்போன், மாடியில் இருக்கும் சோலார் பேனல் என எல்லாவற்றுக்கும் அடிப்படை பெரும்பாலும் சிலிக்கான்தான்.

ஆனால், சுத்தமான சிலிக்கான் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. துளியூண்டு வேறு அணுக்களைச் சேர்த்தால்தான் வேலைக்கு ஆகும். இதற்குப் பெயர் மாசூட்டல். பாஸ்பரஸ், ஆர்சனிக் சேர்த்தால் எலக்ட்ரான்கள் கூடும். போரான் சேர்த்தால் துளைகள் கூடும். திருநெல்வேலி கங்கைகொண்டானில் 2024-ல் உற்பத்தியைத் தொடங்கிய டாடா பவர் ஆலை போன்ற சோலார் செல் ஆலைகளில் இது முக்கியமான கட்டம்.

துளின்னா எவ்வளவு?

1 கன சென்டிமீட்டர் சிலிக்கானில் சுமார் 5×10²² அணுக்கள் இருக்கும். அதாவது 50 கோடி கோடி கோடி! சோலார் செல்லுக்கான சிலிக்கானில் அதே இடத்தில் இருக்கும் மாசு அணுக்கள் சுமார் 10¹⁶. கணக்குப் போட்டால், 50 லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒரே ஒரு மாசு அணு.

பிபிஎம் என்றால் என்ன?

10 லட்சத்தில் எத்தனை என்பதுதான் பிபிஎம். மேலே சொன்ன அளவு வெறும் 0.2 பிபிஎம். 1 கிலோ கடல் தண்ணியில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அது 35,000 பிபிஎம்!

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். உப்புக் கணக்கு எடையில், சிப் கணக்கு அணுக்களின் எண்ணிக்கையில். போரான் அணு சிலிக்கானைவிட லேசானது. அதனால் எண்ணிக்கையில் 1 பிபிஎம் போரான், எடையில் 0.4 பிபிஎம்கூட வராது.

குழப்பம் எங்கே வருகிறது?

ஆலைகளிலும் ஆய்வகங்களிலும் கணக்கு கன சென்டிமீட்டரில். என்சிஇஆர்டி 12-ம் வகுப்பு இயற்பியல் புத்தகத்திலோ கன மீட்டரில். 1 கன மீட்டருக்குள் 10 லட்சம் கன சென்டிமீட்டர் அடக்கம். ஆக, கன சென்டிமீட்டருக்கு 10¹⁶ என்பது கன மீட்டருக்கு 10²².

அலகை மறந்து, 10¹⁶-ஐ அப்படியே கன மீட்டருக்கு என்று எடுத்தால்? மாசே சேர்க்காத சிலிக்கானில் அறை வெப்பநிலையில் இயல்பாகவே இருக்கும் எலக்ட்ரான்கள் கன மீட்டருக்கு சுமார் 1.5×10¹⁶. அதாவது, சேர்த்த மாசு கணக்கில் காணாமலே போய்விடும்!

நீட், ஜேஇஇ மாணவர்களுக்கு

1 பிபிஎம் ஆர்சனிக் சேர்த்தால் எலக்ட்ரான்கள் எத்தனை? கன மீட்டருக்கு 5×10²⁸ சிலிக்கான் அணுக்கள். 10 லட்சத்தால் வகுத்தால் 5×10²². துளைகளைக் கண்டுபிடிக்க, 1.5×10¹⁶-ஐ வர்க்கப்படுத்தி 5×10²²-ஆல் வகுக்கணும். விடை 4.5×10⁹. இதில் ஒரு எண்ணை மட்டும் கன சென்டிமீட்டரில் போட்டால் விடை மொத்தமும் தப்பு.

சதுர சென்டிமீட்டர் எதற்கு?

அயனிகளைச் சிலிக்கானுக்குள் பாய்ச்சும் முறையில், பரப்பில் எத்தனை அயனிகள் விழுந்தன என்று சொல்வார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10¹² அயனிகள் 1 மைக்ரான் ஆழத்துக்குச் சீராகப் பரவினால், கன சென்டிமீட்டருக்கு 10¹⁶.

சுருக்கமாக: எண்ணைப் பார்க்கும் முன் மூன்றைப் பாருங்கள். சென்டிமீட்டரா, மீட்டரா? எண்ணிக்கையா, எடையா? கனமா, சதுரமா?