ஓய்ந்திருக்கும் கணினியும் உதவும்

தமிழகத்துச் சிற்றூர்களில் ஏரி, குளங்களைப் பேணுவதற்குக் குடிமராமத்து என்னும் வழக்கம் இருந்தது. கோடையில் நீர் வற்றி, வயலில் வேலை குறைந்த நாள்களில் ஊரார் மண்வெட்டியுடன் கூடுவர். வாய்க்காலை அளந்து ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொள்வர். ஒவ்வொருவரும் தத்தம் பங்கைத் தூர்வாரி முடிக்கும்போது வாய்க்கால் முழுவதும் தூய்மை பெற்றுவிடும். ஓய்வாக இருந்த கைகளைக் கொண்டே ஊருக்குப் பொதுவான பெரும்பணி நிறைவேறியது. இதனைப் போன்ற ஒரு முறையில் இன்று உலகின் பல நாடுகளிலுள்ள வீட்டுக் கணினிகள் மருத்துவ ஆராய்ச்சிக்காக உழைக்கின்றன. அது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நாம் கணினியில் கட்டுரை தட்டச்சு செய்யும்போது அதன் மையச் செயலகம் தன் ஆற்றலில் சிறு பகுதியையே பயன்படுத்துகிறது. நாம் உணவு உண்ணச் சென்றால் அச்சிறு பகுதியும் வேலையின்றி நிற்கும். இவ்வாறு வீணாகும் கணக்கிடும் ஆற்றலைக் கொடையாகப் பெறுவதே இம்முறையின் அடிப்படை.

மருத்துவ ஆராய்ச்சிக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்னும் வினா எழலாம். நம் உடலின் பெரும்பாலான பணிகளைச் செய்பவை புரதங்கள். அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள், நூலில் கோத்த மணிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து ஒரு புரதம் உருவாகிறது. அத்தொடர் தானே மடிந்து ஒரு வடிவம் பெற்ற பின்னரே பெரும்பாலான புரதங்கள் தம் பணியைச் செய்கின்றன. மடிப்பு பிழையானால் நோய் தோன்றலாம். முதியோரின் நினைவாற்றலைச் சிதைக்கும் அல்சைமர் நோயில், பிழையாக மடிந்த புரதங்கள் மூளையில் திரண்டு படிகின்றன.

புரத வடிவ ஆராய்ச்சியில் சென்னைக்கும் சிறப்பிடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன், அமினோ அமிலத் தொடர் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்பதைக் காட்டும் வரைபடத்தைத் தம் உடன் ஆய்வாளர்களுடன் 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். இராமச்சந்திரன் வரைபடம் என்னும் பெயரில் அது இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

புரதம் மடிவதையும் அசைவதையும் நுண்ணோக்கியால் நேரே தொடர்ந்து காண்பது மிகக் கடினம். ஆதலால் ஆய்வாளர்கள் ஒவ்வோர் அணுவும் அடுத்த கணத்தில் எங்கு நகரும் என்பதைக் கணினியில் கணக்கிடுகின்றனர். அத்தகைய ஒரு கணம் மிக மிகச் சிறியது. ஒரு நொடியைப் பத்து இலட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு நேரத்தில் நிகழும் அசைவை அறிவதற்கே ஏறத்தாழ 50 கோடி முறை கணக்கிட வேண்டும். தனி ஒரு கணினி இதனைச் செய்து முடிக்க நெடுங்காலம் ஆகும்.

இவ்விடத்தில்தான் பங்கு பிரிக்கும் முறை கைகொடுக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டில் ஃபோல்டிங் அட் ஹோம் என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. விருப்பமுள்ளோர் அதன் மென்பொருளைத் தம் கணினியில் நிறுவுகின்றனர். ஆய்வகத்தின் சேவையகம் கணக்கின் ஒரு சிறு பங்கை இணையம் வழியே அனுப்புகிறது. கணினி அதனைக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்பி, அடுத்த பங்கைப் பெறுகிறது. குறித்த காலத்திற்குள் விடை வாராவிடின் அப்பங்கு வேறொரு கணினிக்குச் செல்லும். இவ்வகைத் திட்டங்கள் சிலவற்றில் ஒரே பங்கை இரு கணினிகளுக்கு அனுப்பி, இரு விடைகளும் ஒத்திருந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்வர்.

2020ஆம் ஆண்டில் கொரோனா தொற்று பரவியபோது இத்திட்டத்தின் ஆற்றலை உலகம் கண்டது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தம் கணினிகளை வழங்கினர். ஒரு கட்டத்தில் கணினிகள் மிகுந்து, அனுப்புவதற்குரிய பங்குகள் பற்றாக்குறையாயின. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அதன் வேகம் நொடிக்கு 1-க்குப் பின் 18 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையிலான கணக்கீடுகளைக் கடந்தது. கொரோனா நுண்மியின் கூர்முனைப் புரதம் விரிந்து திறக்கும் அசைவை ஆய்வாளர்கள் இவ்வாற்றலைக் கொண்டு ஆராய்ந்தனர்.

மற்றொரு சான்று, வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் என்னும் திட்டம். இதில் இணைந்த கணினிகளைக் கொண்டு, குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய்க்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் மருந்து தேடினர். சுமார் 30 இலட்சம் வேதிப்பொருள்களை ஆராய்ந்து, நம்பிக்கை அளிக்கும் 7 பொருள்களைக் கண்டதாக 2014ஆம் ஆண்டில் அறிவித்தனர். இதனால் மருந்து கிடைத்துவிட்டது எனக் கொள்ளுதல் கூடாது. இத்தகைய பொருள் மருந்தாவதற்கு மனிதரிடம் நடத்தும் சோதனைகள் உள்ளிட்ட பல படிகளைக் கடக்க வேண்டும். கணினி செய்வது, பெருங்குவியலில் எங்குத் தேட வேண்டும் எனச் சுட்டிக்காட்டும் பணியே.

இன்று செயற்கை நுண்ணறிவு, பல புரதங்களின் வடிவத்தை விரைவாகக் கணித்துவிடுகிறது. இத்துறையில் உழைத்த மூவருக்கு 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும், புரதம் எவ்வாறு அசைகிறது, ஒரு மருந்து அதனோடு எவ்வளவு உறுதியாகப் பிணைகிறது என்பனவற்றை அறியப் பெருங்கணக்குகள் இன்னும் தேவைப்படுகின்றன.

இக்கொடைக்கு ஒரு விலையும் உண்டு. வேலையின்றி நிற்கும் கணினியைவிட, கணக்கிடும் கணினி மிகுதியான மின்சாரத்தைச் செலவிடும். கூடுதலாக 100 வாட் செலவானால் 10 மணி நேரத்தில் ஒரு யூனிட் ஆகும். ஒரு திங்கள் முழுவதும் நாள்தோறும் அவ்வாறு இயக்கினால் 30 யூனிட் ஆகும். கணினியும் வெப்பமடையும். எனவே எத்தனை மணி நேரம் இயக்குவது என்பதை மின்கட்டணம் செலுத்தும் பெற்றோரே முடிவு செய்தல் வேண்டும். பள்ளிக் கணினியிலும், பெற்றோரின் அலுவலகக் கணினியிலும் உரியவரின் இசைவின்றி எம்மென்பொருளையும் நிறுவலாகாது. பிறர் பொருளை எடுத்துத் தருவது கொடையாகாது. திட்டத்தின் பெயரில் போலி மென்பொருள்களும் உலவக்கூடும். ஆதலால் அதற்குரிய இணையதளத்திலிருந்து மட்டுமே பெறுதல் வேண்டும்.

தம் பங்கை முடித்த கணினி எந்த நோயாளிக்கு உதவியது என்பதை அதன் உரிமையாளர் ஒருபோதும் அறியார். அந்நோயாளியும் இவரை அறியார். வாய்க்காலைத் தூர்வாரியவர், தாம் வெட்டிய பங்கின் வழியே ஓடிய நீர் யார் வயலில் பாய்ந்தது எனக் கேட்டதில்லை. நீர் பாய்ந்தது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சிந்தித்து எழுதுக

1. குடிமராமத்திற்கும் கணினிக் கொடைக்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டனை எழுதுக.

2. ஒரே பங்கை இரு கணினிகளுக்கு அனுப்புவது ஏன்?

3. உங்கள் வீட்டுக் கணினி கூடுதலாக 60 வாட் செலவிட்டு நாள்தோறும் 5 மணி நேரம் இயங்கினால், 30 நாளில் எத்தனை யூனிட் ஆகும்? அதற்குரிய கட்டணத்தைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, இக்கொடையை வழங்கலாமா என்பது பற்றி அவர்களுடன் உரையாடி, நீங்கள் கண்ட முடிவை ஐந்து தொடர்களில் எழுதுக.