புண்பட்ட போர்வீரரும் கிராமத்தாரின் கடமையும்

யுத்தத்தில் வென்று வரும் வீரனுக்கு மாலையிடுவோர் பலர். கால் இழந்தோ கண் இழந்தோ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காய்ப் படுத்திருக்கும் சிப்பாய்க்கும், வயலையும் குழந்தைகளையும் தனியே காத்து நிற்கும் அவன் மனைவிக்கும் ஒருநாள் மாலை போதாது. புண் ஆறும் காலம் முழுதும் நீடிக்கும் நன்றியே அவர்களுக்கு வேண்டுவது.

இவ்வறம் தமிழருக்குப் புதிதன்று. முன்பு தஞ்சாவூர் ஜில்லாவில் அடங்கியிருந்து இப்பொழுது திருவாரூர் மாவட்டத்திலுள்ள தலையாலங்காடே பண்டைத் தலையாலங்கானப் போர் நிகழ்ந்த இடம் என்பர். அப்போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனே நக்கீரர் பாடிய நெடுநல்வாடையின் தலைவன் என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொள்கை. வாடை வீசும் நள்ளிரவிலும் அரசன் பாசறையில் உறங்கவில்லை. வேலேந்திய வீரன் ஒருவன் முன் சென்று புண்பட்டோரைக் காட்ட, அவர்களை நேரிற் கண்டு வருகிறான். அரிசில் கிழார் பாடிய புறநானூற்று 281-ஆம் பாட்டிலோ, வீட்டில் வேப்பந்தழை செருகி, யாழிசைத்து, வெண்கடுகு தூவி, புண்பட்ட வீரனைக் காப்பதற்கு ஒருத்தி தன் தோழியையும் உடனழைக்கிறாள். போரில் உயிர் நீத்தோரின் சந்ததியாருக்கு விடப்பட்ட இறையிலி நிலத்திற்குச் சாசனங்களில் 'உதிரப்பட்டி' என்று பெயர்.

பிற்காலத்திலும் இக்கடமை மறக்கப்படவில்லை. 1914-இல் மூண்ட முதல் உலக யுத்தத்தில், சென்னை மாகாணத்தார் அளித்த நன்கொடையைக் கொண்டு 'மதராஸ்' என்னும் ஆஸ்பத்திரிக் கப்பல் காயமுற்றோருக்காக நடத்தப்பட்டது. 1944-இல் புனாவில் இராணுவத்தாரின் செயற்கை உறுப்பு நிலையம் ஏற்பட்டது. அறுவை செய்த பாகம் ஆறிச் சுருங்கிய பின்னரே செயற்கைக் கால் செவ்வனே பொருந்தும். அதன் பின்னரும் நடை பழகவேண்டும். ஆதலின் புண் வாய் மூடியது கொண்டு வீரன் குணமடைந்துவிட்டான் என்று கருதலாகாது.

ஆனால் வயல் அதுவரை காத்திராது. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. குறுவையாயினும் சம்பாவாயினும், நாற்று வயது கடந்து நட்டால் விளைவு குன்றும். ஆகவே வீரனுடைய வயலுக்கு வாய்க்கால் நீர் தவறாமற் பாயவும், நடவும் அறுப்பும் உரிய நாளில் நடக்கவும் அண்டை வயற்காரர்கள் முறைவைத்து உதவுதல் வேண்டும். ஒரு வேலி நிலத்தை ஒருவர் நடுதல் அரிது. பத்துக் குடும்பத்தார் கூடினால் எளிது.

கூட்டுறவுச் சங்கத்தார் கவனிக்கவேண்டியது மற்றொன்று. அங்கத்தினர் ஆஸ்பத்திரியில் இருக்கையில் கடன் வாய்தா கடந்துவிட்டால், அவர் குடும்பத்திற்குச் சம்பா சாகுபடிக்குப் புதுக்கடன் கிடைப்பது அரிதாகும். ஜாமீன்தாருக்கும் தொல்லை உண்டாகும். அக்குடும்பம் பிறகு அதிக வட்டிக்கு வெளியில் கடன் வாங்க நேரிடும். சங்கப் பணம் அங்கத்தினர் அனைவருக்கும் பொதுவாகையால், இரக்கத்தால் கடனைத் தள்ளிவிடப் பஞ்சாயத்தாருக்கு உரிமையில்லை. ஆயினும் வாய்தா வருமுன்னரே மனுப் பெற்று, விதிகளுக்கு இணங்கத் தீர்மானம் செய்து, மத்திய பாங்கியின் சம்மதத்துடன் தவணை நீட்டிக்க முயலலாம். மனு எழுதத் தெரியாத குடும்பத்தாருக்குக் காரியதரிசி எழுதிக்கொடுத்தல் முறை. போர் நிலையில் சேவை செய்யும் சிப்பாய் கோர்ட்டில் ஆஜராக இயலாதபோது வழக்கை ஒத்திவைக்க, 1925-ஆம் வருஷத்து இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இடமளிக்கிறது. சர்க்கார் சட்டமே காட்டும் பொறுமையைச் சொந்த ஊர்ச் சங்கம் காட்டாதிருத்தல் அழகன்று.

உடல் தேறிய வீரன் தானம் வேண்டுவதில்லை, வேலையே வேண்டுவான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் சென்னை மாகாணத்தில் முன்னாள் வீரர்களுக்கென மோட்டார் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. காலில் ஊனமுற்றவரும் கணக்கு எழுதலாம், பண்டகசாலையில் விற்பனை பார்க்கலாம், நெல் நிறுவையை மேற்பார்க்கலாம். அத்தகைய இடம் காலியாகும்போது சங்கத்தார் முதலில் அவரை நினைத்தல் தகும்.

1949 முதல் டிசம்பர் 7-இல் கொண்டாடப்படும் கொடி நாளில் உண்டியலில் காசிடுதல் நற்செயலே. அதனோடு நில்லாமல், தங்கள் கிராமத்தில் புண்பட்ட வீரர் குடும்பங்கள் எவை, அவற்றின் கடன் வாய்தா எப்போது, பென்ஷன் மனு எந்நிலையில் உள்ளது என்பவற்றைச் சங்கத்தார் அடுத்த கூட்டத்திலேயே விசாரித்துக் குறித்துக்கொள்ளலாம். பென்ஷன் முதலிய விஷயங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகவேண்டும். குடும்பத்தார் தனியே அலையாதபடி, விவரமறிந்த அங்கத்தினர் ஒருவர் அவர்களுடன் சென்று வருதல் நலம்.