சிற்றூர்ப் பள்ளியின் தலைக்கணக்கு



"கத்தோலிக்கப் பள்ளிதானே, திருச்சபை பார்த்துக்கொள்ளும்" என்று பலர் நினைப்பதுண்டு. நம் சேலம், நாமக்கல் பகுதிச் சிற்றூர்களிலுள்ள கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்பதை இம்முறை விளக்க விரும்புகிறோம்.

இப்பகுதியில் கத்தோலிக்கர் ஊழியம் பழமையானது. சேசுசபைக் குரு ராபர்ட் டி நொபிலி 1623-ல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். சேலம் மறைமாவட்டம் 1930-ல் உருவாயிற்று. ஆலயத்தை அடுத்துப் பள்ளிகளும் எழுந்தன. மரவள்ளிக் காட்டிலும் விசைத்தறியிலும் கோழிப்பண்ணையிலும் உழைப்போரின் பிள்ளைகள், சமய வேறுபாடின்றி, அங்கே படிக்கின்றனர்.

அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. மதிய உணவும் பாடநூலும் உண்டு. கட்டடம், பெஞ்சு, கழிப்பறை ஆகியவை நிர்வாகத்தின் பொறுப்பு. ஆசிரியர் பணியிடமோ பிள்ளைகளின் தலைக்கணக்கைப் பொறுத்தது. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் 'உபரி' ஆகிவிடும். ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றப்படலாம். ஆகையால், ஊருக்குள் வரும் ஆங்கிலவழிப் பள்ளி வேனில் பத்துப் பிள்ளைகள் ஏறினால், நஷ்டம் வேன் கட்டணம் கட்ட இயலாத மற்றப் பிள்ளைகளுக்கும்தான்.

சலுகைகளிலும் வேறுபாடு உண்டு. மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கானது. உதவி பெறும் பள்ளி மாணவருக்கு அது இல்லை. ஆனால் கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம், 2022-ல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காகத் தொடங்கி, 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 6 முதல் 12-ம் வகுப்பு வரை இத்தகைய பள்ளிகளிலேயே படித்திருக்க வேண்டும். உயர்நிலைப்பள்ளியோ பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதன்பின் ஒரு மகள் கட்டணப் பள்ளிக்கு மாறினால் அந்த உதவி போய்விடும். பஸ் வசதியில்லை என்று வீட்டில் நிறுத்தப்பட்டால் படிப்பே போய்விடும்.

ஆகவே நண்பர்களே, உங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு எழுதும் பெண் பிள்ளையின் பெற்றோரிடம் இதை இப்போதே சொல்லுங்கள். அருகிலுள்ள சிறிய பள்ளியின் தலைமையாசிரியரையும் ஒருமுறை சந்தியுங்கள். உங்கள் ஜெபத்தில் அப்பள்ளிகளுக்கும் இடமிருக்கட்டும்.