ஒரே கரை, இரு கோப்புகள்: புத்தளத்தில் கல்வி உதவிப் பணம் யாரைத் தேடி வருகிறது?

கற்பிட்டியின் பழைய ஒல்லாந்தர் கோட்டை கடற்படையின் கையில் இருக்கிறது. 1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் வள்ளங்களில் வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அப்போது வெளியேறியவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் கற்பிட்டி, புத்தளம், முந்தல் பகுதிகளில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையை மறுபடி தொடங்கினார்கள். இன்னும் தெற்கே போனால் உடப்பு. அதற்கும் கீழே சிலாபம், வென்னப்புவ. அந்த ஊர்களில் இராணுவத்திலும் கடற்படையிலும் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர்களின் வீடுகள் இருக்கின்றன.

யுத்தம் இந்தக் கரையோரத்தில் பல விதமான குடும்பங்களை விட்டுச் சென்றிருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் ஒரே பொதுப் பரீட்சைகளை எழுதுகிறார்கள். ஆனால் படிப்புக்கான அரச உதவி அவர்களிடம் ஒரே வழியில் வந்து சேர்வதில்லை. அந்த வழிகள் எவை, பணம் எப்படிக் கைக்கு வருகிறது, நமது குடும்பங்கள் எங்கே தடுக்கி விழுகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படையினரின் குடும்பத்துக்கு வரும் வழி

படையினர் குடும்பங்களுக்கான நலன்களின் சட்ட அடிப்படை 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்க ரணவிரு சேவா அதிகார சபைச் சட்டம். யுத்தத்தில் கொல்லப்பட்ட, ஊனமுற்ற, நடவடிக்கையின்போது காணாமற்போன முப்படையினரையும் பொலிஸாரையும் அவர்களில் தங்கியிருப்போரையும் இச்சட்டம் பயனாளிகளாகப் பெயர் குறிப்பிட்டுச் சொல்கிறது. பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில்கள் இந்த அதிகார சபையின் வழமையான வேலைகளில் ஒன்று.

அதற்குக் கீழே இன்னும் சில அடுக்குகள் உண்டு. யுத்தத்தில் கொல்லப்பட்ட சிப்பாய் உயிரோடு இருந்திருந்தால் 55 வயதை அடைந்திருக்கும் நாள்வரை அவருடைய சம்பளம் குடும்பத்துக்குப் போகும் ஏற்பாடு இருந்து வந்திருக்கிறது. முதலாம் தர அனுமதிக்கான கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் முப்படையினர், பொலிஸார் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தனி இடங்களை ஒதுக்கி வந்துள்ளன. கொழும்பில் படையினரின் பிள்ளைகளுக்கென்றே பாதுகாப்புச் சேவைகள் கல்லூரி இயங்குகிறது. ஒவ்வொரு படைப்பிரிவின் சேவா வனிதா அமைப்பும் தன் பங்குக்குப் பாடசாலை உபகரணங்களையும் உதவித்தொகையையும் வழங்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது தொகையை விட வழியைத்தான். படைவீரருக்கு ஒரு சேவை இலக்கம் இருக்கிறது. அவர் இறந்தால், ஊனமுற்றால், காணாமற்போனால் அது அவருடைய படைப்பிரிவின் பதிவேட்டில் ஏறுகிறது. மனைவியின் பெயர், பிள்ளைகளின் பெயர், வங்கிக் கணக்கு எல்லாம் ஏற்கனவே அதே கோப்பில் இருக்கின்றன. உதவி கேட்கும்போது குடும்பம் நிரூபிக்க வேண்டியது உறவை மட்டும்தான். யுத்தத்தில் என்ன இழந்தோம் என்பதை அரசின் கோப்பே சொல்லிவிடுகிறது.

இந்தக் குடும்பங்கள் எல்லாம் சுகமாக வாழ்கின்றன என்று இதற்குப் பொருளில்லை. ஓய்வூதியத்துக்குத் தேவையான சேவைக் காலம் முடியுமுன் ஊனமுற்று வெளியேறிய சிப்பாய்கள், ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் பல தடவை வீதியில் அமர்ந்திருக்கிறார்கள். கடலும் தென்னையும் சோறு போடாத காலத்தில் சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகள்தான் அவர்களும்.

பொதுமக்களின் குடும்பத்துக்கு வரும் வழி

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். 1990இல் கைக்குழந்தையாகக் கற்பிட்டியில் இறங்கிய ஒருவருக்கு இப்போது உயர்தரம் படிக்கும் மகள் இருக்கலாம். அந்தக் குடும்பம் காணி, வீடு, கடை, தோணி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தது. ஆனால் அந்த இழப்பைக் காட்டி மகளின் படிப்புக்கு மாதாந்தம் உதவி பெறுவதற்கு ஒரு படிவம் கிடையாது. அவளுக்குக் கிடைக்கக்கூடியவை எல்லாம் “வருமானம் குறைந்த குடும்பத்தின் பிள்ளை” என்ற பெயரில்தான் கிடைக்கும். “யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்” என்ற பெயரில் அல்ல.

வன்னியிலிருந்து வந்து புத்தளத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துக்கும் இதே நிலைதான். முன்னாள் போராளிகளின் நிலை இன்னும் சிக்கலானது. 2009க்குப் பின் சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்கள் வழியாக விடுவிக்கப்பட்டார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களில் ஒரு பகுதியினர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிப்பைத் தொடர வழி செய்யப்பட்டது. அது அந்தப் பிள்ளைகளுக்கான ஒரு தடவை ஏற்பாடு. அவர்கள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கென்று நிரந்தரமான கல்வித் திட்டம் எதுவும் உருவாகவில்லை.

காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களில் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. நடவடிக்கையின்போது காணாமற்போன சிப்பாயின் குடும்பம் 1999ஆம் ஆண்டிலேயே சட்டத்துக்குள் வந்துவிட்டது. காணாமலாக்கப்பட்ட ஒரு பொதுமகனின் மனைவியோ, கணவர் இறந்துவிட்டார் என்று மரணச் சான்றிதழ் எடுக்காமல் தன் நிலையைப் பதிவு செய்வதற்கு 2016ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால்தான் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் வந்தது. அதன் பின் இழப்பீட்டுக்கான அலுவலகம் மூலம் தரப்படும் ஒரே தடவைத் தொகையை 1 இலட்சத்திலிருந்து 2 இலட்சம் ரூபாவாக உயர்த்த 2022இல் அமைச்சரவை முடிவு செய்தது. உண்மை தெரியாமல் பணம் வேண்டாம் என்று பல தாய்மார் அதை மறுத்தார்கள். வாங்கியவர்களுக்கும் அது ஒரு தடவைப் பணம்தான். ஒரு பிள்ளையின் படிப்போ 13 ஆண்டுகள் நீள்கிறது.

மற்ற நாடுகளில் எப்படி?

படைவீரர் கல்வி உதவியில் உலகம் அதிகம் பேசுவது அமெரிக்காவின் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். அதன் இன்றைய வடிவம் 2009இல் நடைமுறைக்கு வந்தது. முழுத் தகுதி உள்ளவருக்கு 36 மாதப் படிப்புக்கு உதவி உண்டு. பணம் மூன்றாகப் பிரிந்து போகிறது. கல்விக் கட்டணம் நேரடியாகக் கல்வி நிறுவனத்துக்கு. வாடகைப்படி மாதாமாதம் மாணவருக்கு. புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,000 டொலர் வரை தனியாக. குறித்த சேவைக் காலத்தை நிறைவு செய்தவர், பயன்படுத்தாத மாதங்களை மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கவும் முடியும்.

இந்தியாவில் முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்குப் பிரதமர் புலமைப்பரிசில் திட்டம் இருக்கிறது. தொழிற்கல்வி படிக்கும் பெண் பிள்ளைக்கு மாதம் 3,000 இந்திய ரூபாவும் ஆண் பிள்ளைக்கு 2,500 ரூபாவும் மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது.

அமெரிக்க வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஒரு பாடம் உண்டு. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிற பேதம் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் அதைச் செயற்படுத்தியவை உள்ளூர் அலுவலகங்களும் உள்ளூர் வங்கிகளும். தென் மாநிலமான மிசிசிப்பியில் 1947இல் அச்சட்டத்தின் உத்தரவாதத்தோடு வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினப் படைவீரருக்குக் கிடைத்தவை 2 மட்டுமே. சட்டம் சமமாக இருந்தாலும், படிவத்தை வாங்கும் மேசையில் யார் இருக்கிறார், என்ன மொழியில் பேசுகிறார், எந்தப் பத்திரத்தைக் கேட்கிறார் என்பதில் உரிமை நின்றுவிடக்கூடும். பிரதேச செயலகத்தில் பல தடவை திருப்பி அனுப்பப்பட்ட எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது கேட்கக்கூடியவை

யுத்தத்தின் பெயரில் தனி உதவி இல்லாவிட்டாலும், பொதுத் திட்டங்களைக் குடும்பங்கள் தவறவிடக் கூடாது.

தரம் 5 புலமைப்பரிசில்: குறைந்த வருமானக் குடும்பத்தின் பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் மாதாந்த உதவி உண்டு. 2025 வரவு செலவுத் திட்டம் இதை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்த்தியது. விண்ணப்பம் பாடசாலை வழியாகவே போகும். வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும்.

பல்கலைக்கழகம்: மஹாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் அதே வரவு செலவுத் திட்டத்தில் உயர்ந்தன. இரண்டும் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வரும். மஹாபொல கிடைக்காதவர் பர்சரிக்குத் தகுதி பெறலாம். ஒன்று மறுக்கப்பட்டால் மற்றதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஜனாதிபதி நிதியம்: 2024இல் தரம் 1 முதல் 11 வரையான 100,000 மாணவருக்கு மாதம் 3,000 ரூபா வீதம் 12 மாதங்களும், உயர்தர மாணவருக்கு மாதம் 6,000 ரூபா வீதம் 24 மாதங்கள் வரையும் வழங்கும் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. இவை அவ்வப்போது அறிவிக்கப்படுபவை. அறிவிப்பு அதிபருக்கும் கல்வி வலயத்துக்கும் வரும். ஆண்டு தொடக்கத்திலும் நடுவிலும் அதிபரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அஸ்வெசும: இது கல்வி உதவி அல்ல. ஆனால் 2025இல் பாடசாலை உபகரணங்களுக்கு 6,000 ரூபா கொடுத்தபோது முதலில் பார்க்கப்பட்டது அஸ்வெசும பட்டியல்தான். அந்தப் பட்டியலில் இல்லாத குடும்பம் அடுத்து வருபவற்றையும் இழக்கக்கூடும்.

பல்கலைக்கழக அனுமதியில் இன்னொரு விடயம். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் தேசியத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. புத்தளம், மன்னார் இரண்டும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பது மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிப்பதில் முக்கியமானது. ஆகவே மீள்குடியேற்றத்துக்காக முசலிக்கோ எருக்கலம்பிட்டிக்கோ திரும்பும் குடும்பங்கள், பிள்ளையை உயர்தரத்தின் நடுவில் மாற்றுவதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

எங்கே தடுக்கி விழுகிறோம்?

முதலாவது, பதிவு. பல குடும்பங்கள் வாழ்வது புத்தளத்தில். வாக்காளர் பதிவு மன்னாரில். “உங்கள் விதானையார் அங்கே இருக்கிறார்” என்று இங்கேயும், “நீங்கள் அங்கேதானே வசிக்கிறீர்கள்” என்று அங்கேயும் சொன்னால் படிவம் அந்தரத்தில் நிற்கும். பிள்ளை எங்கே வசித்துப் படிக்கிறதோ அங்குள்ள கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாவது, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் பெயர் இருந்தால் பணம் கணக்கில் விழாமல் திரும்பிவிடும். சாதாரண தரத்துக்கு முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும். பெற்றோரின் பிறப்புப் பதிவு யுத்தத்தில் அழிந்திருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியும்.

மூன்றாவது, மொழி. தமிழ் அரசகரும மொழி. தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தருகிறது. சிங்களப் படிவத்தில் விளங்காமல் கையொப்பம் இட வேண்டாம்.

நான்காவது, பதில் இல்லாமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது, உங்கள் பிரிவில் எத்தனை பேர் தெரிவானார்கள் என்று எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தில் ஏற்கனவே இருக்கும் வாசல்

படையினரின் பிள்ளைக்குக் கிடைப்பதைக் குறைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதே யுத்தத்தில் தகப்பனையோ காணியையோ ஊரையோ இழந்த மற்றப் பிள்ளைக்கும், அந்த இழப்பின் பெயரிலேயே படிப்புக்கு நிரந்தர உதவி வேண்டும் என்பதே கோரிக்கை. இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம், தனிநபர் இழப்பீடு என்பதற்குள் பணக் கொடுப்பனவோடு கல்வி, பயிற்சி நிகழ்ச்சித்திட்டங்களையும் சேர்த்தே வரைவிலக்கணம் தருகிறது. வடக்கு, கிழக்கு ஆயுத மோதலோடு தொடர்புபட்டுப் பாதிக்கப்பட்டவர் இன்று எந்த மாவட்டத்தில் வாழ்ந்தாலும் அதற்குள் வரலாம். புத்தளத்தில் வாழ்வது தடையல்ல.

இல்லாதது கோப்பு. சிப்பாய்க்கு அதைப் படைப்பிரிவு திறந்து வைக்கிறது. நமக்கு நாம்தான் திறக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ்கள், 1990க்கு முந்திய குடும்ப அட்டை அல்லது காணிப் பத்திரத்தின் பிரதி, முகாம் பதிவு, நிவாரண அட்டை, காணக்கிடைக்காமைச் சான்றிதழ், பிள்ளையின் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, இதுவரை அனுப்பிய விண்ணப்பங்களின் பிரதிகள், கிடைத்த பதில்கள். இவற்றை ஒரே உறையில் திகதி வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் தம் ஊரிலுள்ள இப்படிப்பட்ட குடும்பங்களின் பட்டியலைத் தயாரித்து, இழப்பீட்டுக்கான அலுவலகத்திடம் கல்வி உதவியைக் கூட்டாகக் கேட்கலாம். தனியாகப் போகும் தாயைத் திருப்பி அனுப்புவது இலகு. இருநூறு பிள்ளைகளின் பெயர், பாடசாலை, தரம் எல்லாவற்றோடும் போகும் கடிதத்துக்கு எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும்.